என் வெந்தயத்துக்கு இரண்டாவது இடம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஆறு பேர் தமிழ்நாட்டிலிருந்து வங்காளத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு பேரும் பெரிய படிப்பு. உங்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று தீதி ஆள் அனுப்பிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தேன் என்றுதான் சொல்ல முடியும், முடித்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் சால்ட் லேக்கில் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே கட்டடத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். மூன்றாவது மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அந்துருண்டை வாடை அடிக்கும் ஒரு அறை இருக்கிறதே, அதுதான் இலை அறை. அதன் சாவி என் இடுப்பில் இருந்தது.

அறை முழுக்கக் காய்ந்த இலை, பட்டை, வேர். ஒவ்வொன்றும் ஒரு காகித பாக்கெட்டில், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு எண். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாக்கெட்டுக்கு மருந்து அடிப்பது என்று சொல்வோம். மருந்து என்பது மரியாதைக்காகச் சொல்வது. அது விஷம்.

ஒரு தடவை பெரிய மனிதர் ஒருவர் பத்துப் பதினைந்து பேரோடு சுற்றிப் பார்க்க வந்தார். “மறதி நோய்க்கு இதில் எந்த இலை?” என்று என்னிடம் இந்தியில் கேட்டார். “அந்த பாக்கெட்டை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது ஐயா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், தீதியைத் தவிர. தீதி என்றால் இங்கே அக்கா. அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவி, வங்காளி. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. இங்கே எல்லாருக்கும் நான் மாஷி, அதாவது சித்தி. அன்று மாலை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “மாஷி, அந்த ஆளுடைய அம்மாவுக்கு மறதி நோய் என்று உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். “இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது இருப்பார்கள்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பார்வையாளர்களிடம் ஜோக் அடிப்பதில்லை. உங்களிடம் அடிக்கலாம். நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிறீர்கள்.

வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் யார். எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மூளையைக் கெடுக்கும் நோய் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு புரதம் கெட்ட காரியம் செய்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. செடிகளில் இருக்கும் சரக்குகள் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் குழியில் உட்கார வைத்துப் பார்த்து மார்க் போடும். இதில் ஒரு விசேஷம், மைனஸ் மார்க் வாங்கினால்தான் நல்லது. எவ்வளவு பெரிய மைனஸோ அவ்வளவு உசத்தி. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் இன்றைக்கு நான்தான் தீதி.

கம்ப்யூட்டர் நல்ல மார்க் போட்ட செடியின் பாக்கெட்டை நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டாவது மாடியில் அதிலிருந்து சரக்கைப் பிரித்தெடுத்துச் சோதிப்பார்கள். நூறில் தொண்ணூற்றொன்பது அங்கேயே படுத்துவிடும். மிச்சம் ஒன்று அடுத்த மாதம் படுக்கும். இதற்கு மனம் உடைகிறவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தீதியிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பட்டியலையும் நம்புவதற்கு முன்னால், அதோடு வீட்டுச் சாமான் பத்தைச் சேர்த்து ஓட்டச் சொல்வார். டீ, வெந்தயம், மிளகாய், கடுகு, இப்படித் தினமும் எல்லாரும் தின்பது. எதைச் சேர்ப்பது என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் இலை அறைக்கு வந்து, “மாஷி, இந்த மாதம் சமையலறையிலிருந்து என்ன?” என்று கேட்பார்கள். நான் யோசித்துச் சொல்வேன். அவர்கள் அதில் இருக்கும் சரக்கின் படத்தைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போடுவார்கள். ஆண்டாண்டு காலமாக ஊரே தின்றும் யாருடைய மூளையையும் காப்பாற்றாத ஒன்று பட்டியலில் மேலே ஏறினால், கம்ப்யூட்டர் கண்டபடி மார்க் போடுகிறது என்று அர்த்தம். படித்தவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது வீட்டுச் சாமான்.

இனி சுதா.

சுதா உங்களைப் போல வந்தவள் இல்லை, இங்கேயே பிறந்தவள். அவள் அப்பாவும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். என் வீட்டுக்காரர் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ், சுதா அப்பா கப்பல் கட்டும் இடத்தில் வரைபடம் போடுகிறவர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை மதினி என்பார். அதனால் சுதாவுக்கு நான் பெரியம்மா. ஆபீஸில் எல்லாரையும் போல அவளும் மாஷி என்றுதான் கூப்பிடுவாள். ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் பெரியம்மா வரும்.

அம்மா இல்லாத பிள்ளை. அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம். நேர்கோடு போட்டே சம்பளம் வாங்கிய மனிதருக்குக் கை நடுங்கினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். மாத்திரை போட்டால் நடுக்கம் அடங்கும், எழுந்து நடப்பார், பேசுவார். ஆனால் வருஷக்கணக்கில் அந்த மாத்திரையை விழுங்கியதில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. மாத்திரை ஏறிய நேரத்தில் கழுத்தும் தோளும் தானாக நெளிந்து நெளிந்து ஆடும். அவருக்கு அது பெரிய தொந்தரவாக இல்லை. “மரக்கட்டையா கெடக்கதுக்கு ஆடுதது மேலு மதினி” என்பார். சுதாவுக்குத்தான் அந்த ஆட்டத்தைக் கண்டால் ஆகாது. இந்த வேலைக்கு அவள் வந்ததே அதற்காகத்தான். அப்பாவின் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், அந்த மாத்திரை இல்லாமல் அவரை நடக்க வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் வேறு என்னவோ எழுதியிருந்தாள், எல்லாரையும் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இலை அறைக்கு வந்தாள். தீதி டெல்லி போயிருந்தார்.

“பெரியம்மா.”

“சொல்லு, என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்.”

“சும்மா வந்தவ கதவ ஏன் சாத்துதே?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “நம்பர் ஒன் வந்திருக்கு பெரியம்மா. இவ்வளவு பெரிய மைனஸ் இங்க யாருக்கும் வந்ததில்ல. மூணு தடவை ஓட்டிட்டேன், மூணு தடவையும் அதுதான்.”

“தீதிட்ட சொன்னியா?”

“நாளைக்கு வருவாங்க. சொன்னா இரண்டாவது மாடிக்கு அனுப்புவாங்க. அங்க ஒரு வருஷம். அப்புறம் எலி, அது ரெண்டு வருஷம். அப்புறம் கமிட்டி.” விரல் விட்டு எண்ணினாள். “அப்பாவுக்கு அவ்வளவு டைம் இல்ல பெரியம்மா. அந்தச் செடியோட பாக்கெட்லேர்ந்து ஏக்டு குடுங்க. ஒரு கைப்பிடி போதும்.”

ஏக்டு என்றால் கொஞ்சம். வங்காளத்தில் எல்லாவற்றையும் ஏக்டு என்றுதான் கேட்பார்கள், வீட்டையே கேட்டாலும்.

“கூறுகெட்டவளே, அத வாயில வெச்சா அவ்வளவுதான். பூச்சிக்கு நான் அடிச்ச மருந்து ஒங்க அப்பனுக்கும் கேக்கும்.”

அவளுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரில் அந்தச் சரக்கு சுத்தமாகச் சுழன்றுகொண்டிருக்கும், சிவப்பும் நீலமுமாக. அதற்கு யாரும் மருந்து அடிப்பதில்லை.  பிறகு, “நேத்து பஸ்ல ஒரு பையன் அப்பா மாதிரியே கழுத்த ஆட்டிக் காட்டினான். அவங்க அம்மா கூட சிரிச்சாங்க. அப்பாவும் சேந்து சிரிச்சாங்க பெரியம்மா. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்றாள்.

எனக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு இல்லை. பதில் இல்லாதபோது ஏதாவது செய்துவிடத் தோன்றும். அப்படிச் செய்ததுதான் நான் இந்த வேலையில் செய்த தப்பு.

“இங்க இருக்குறது ஆவாது. ஆனா அந்தச் செடி உசுரோட எங்க நிக்குன்னு எனக்குத் தெரியும்” என்றேன்.

செடியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் ஒருத்தர் போய்ப் பார்ப்பீர்கள். ஆபீஸுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் அது வளர்ந்து கிடந்தது. சாயங்காலம் நானே போனேன். கரை முழுக்க ஆடு மேய்ந்து மொட்டையடித்திருந்தது, ஒரு புல் மிச்சமில்லை. இந்தச் செடி மட்டும் தளதளவென்று இடுப்பு உயரம் நின்றது. நமக்கென்றே விட்டு வைத்திருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பறித்தேன். செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்து, நன்றாகக் கழுவி வேக வைக்கச் சொன்னேன். கால்வாய்த் தண்ணீர் அழுக்கு அல்லவா, சுத்தம் முக்கியம்.

“மாத்திரையும் இதுவும் ஒண்ணா குடுத்தா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. மாத்திரைய நிறுத்திட்டு இத மட்டும் குடுக்கப் போறேன்” என்றாள். அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது. படித்த பிள்ளை ஒழுங்குமுறையாகச் செய்கிறது என்று நினைத்தேன். பாக்கெட்டில் இருந்த விஷத்திலிருந்து ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். இலைக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த மாதம் அவள் வீட்டுச் சாமான் கேட்டு என்னிடம் வரவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதையும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை தீதி வந்தார். சுதா காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தாள். அவள் பட்டியல் தீதியின் மேஜையில் இருந்தது. பத்தரை மணிக்கு இலை அறைக்கு வந்தார்.

“மாஷி, சுதாவுக்கு இந்த மாதம் என்ன கொடுத்தீர்கள்?”

இலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் சமையலறைச் சாமானைக் கேட்கிறார் என்று தெரிந்தது. “எதுவும் கேட்கவில்லை தீதி” என்றேன்.

“அப்படித்தான் நினைத்தேன். இப்போது சொல்லுங்கள், நானே ஓட்டுகிறேன்.”

டீ, வெந்தயம், மிளகாய் என்று ஆரம்பித்துப் பத்தும் சொன்னேன். அவரே உட்கார்ந்து ஓட்டினார். பதினோரு மணி டீ வந்து, ஆறி, அதை நான் குடித்தும் முடித்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

“டீ முதல் இடம். உங்கள் வெந்தயம் இரண்டாவது.”

“அந்தச் செடி?”

“ஐந்தாவது. மிளகாய்க்குக் கொஞ்சம் மேலே.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்காக விளக்கினார். சரக்கு பெரிதாக, நாலு பக்கமும் கை நீட்டிக்கொண்டிருந்தால் குழியில் எங்கே வைத்தாலும் எதையாவது தொடும். தொட்டதற்கெல்லாம் கம்ப்யூட்டர் மார்க் போடும். எனக்கு அது இப்படிப் புரிந்தது. கல்யாண வீட்டில் எல்லாரோடும் கை குலுக்குகிற ஆள் பெண்ணுக்குச் சித்தப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட வந்தவராகவும் இருக்கலாம்.

“மார்க் இருக்கட்டும், அந்தச் செடி எது என்று பார்த்தாளா அவள்? இதயத்தை நிறுத்திவிடும். நல்லவேளை, இங்கே யாரும் எதையும் தின்பதில்லை” என்றார் தீதி.

“ஆமாம், நல்லவேளை” என்று நானும் சொன்னேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு நேற்று நடந்தது, அதை ஆசையில் செய்தேன். இது இன்று, தெரிந்து செய்தது. அவர் என் முகத்துக்கு நேரே ஒன்றரை அடியில் நிற்கிறார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. சுதாவின் வேலை வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு நீட்டுவது. இரண்டையும் ஒரு கணத்தில் யோசித்தேன். அவள் அப்பாவை மூன்றாவதாகத்தான் யோசித்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

வெளியே போய் சுதாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் அப்படியே. பல்வலி, டாக்டரிடம் போகிறேன் என்று வாசலில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சத்தமில்லாமல் போய் அந்தக் கஷாயத்தைக் கொட்டிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இதுதான் திட்டம்.

பஸ் கால்வாய் ஓரமாகத்தான் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எட்டுப் பத்து இருக்கும். புல்லுக்கு வழியில்லாமல் ஒரு ஆடு செய்தித்தாளைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்திலேயே அந்தச் செடி நேற்று நான் பறித்த இடம் தவிர முழுசாக நின்றது. காகிதத்தைத் தின்கிற ஆடு அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆடு ஐந்தாம் வகுப்பில் சேர்ந்ததுகூட இல்லை.

கஷாயத்தைக் கொட்டினால் மட்டும் போதாது என்று அப்போதுதான் உறைத்தது. தீதிக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் பத்துப் பேர் கேட்க, எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். நானே பறித்தேன், நானே கொடுத்தேன், மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.  

“எத்தனை வேளை குடித்தார்?” என்று கேட்டார்.

“நேற்று ராத்திரி ஒன்று. காலையில் ஒன்று குடித்திருப்பார்.”

“மாத்திரை கடைசியாக எப்போது?”

“நேற்று மத்தியானமாக இருக்கும்.”

“ஷோனோ மாஷி, கேளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி டாக்சி பிடியுங்கள். கஷாயத்தைக் கொட்டாதீர்கள், மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செடியின் பெயரை நான் டாக்டருக்கு இப்போதே போன் செய்து சொல்கிறேன். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பேசிச் சிரிக்க வைக்கவும் வேண்டாம், படுக்க வைத்துக் கூட்டிப்போங்கள்.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “எப்போது புறப்பட்டீர்கள்?” என்றார்.

“கால் மணி ஆகியிருக்கும்.”

“சரி” என்று வைத்துவிட்டார். திட்டவில்லை. அந்தக் கால் மணி என்னுடையது. அதை இன்று வரைக்கும் யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

டாக்சி அலிப்பூரில் கோர்ட் பக்கம் ஒரு ஊர்வலத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது. எதற்காக ஊர்வலம் என்று டிரைவரிடம் கேட்டேன். “எப்போதும் போல நியாயம் கேட்டு” என்றார். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சுதா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், “அப்பாவுக்கு ஆட்டம் நின்னுடுச்சு பெரியம்மா” என்றாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியாத முகம். “கொஞ்சம் வாந்தி எடுத்தாங்க. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னு...”

உள்ளே போனேன். நாற்காலியில் மனிதர் பலகை போல இருந்தார். ஆட்டம் நின்றுதான் இருந்தது. எல்லாமே நின்றிருந்தது. கையை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவரால் முடியவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எனக்கு ஒரு சாமி பெயர் முழுசாகச் சொல்ல நேரம் இருந்தது.

உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

“புள்ள... ஆசையா... குடுத்தா. குடிச்சேன். கசப்பு... மதினி. ஒங்க... கொழம்பு... மாதிரி.”

“கொழுந்தனாரே, பொழச்சு வாங்க, அதே கொழம்ப ஒரு குண்டான் வெச்சுத் தாரேன்” என்று சொல்லிவிட்டு சுதாவைப் பார்த்தேன். “டீயும் என் வெந்தயமும் இதுக்கு மேல வந்திருக்கு. தீதி ஓட்டிப் பாத்தாச்சு. இது நெஞ்ச நிறுத்துத செடியாம். காரு வாசல்ல நிக்கு. மிச்சக் கஷாயத்த எடு.”

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எந்தக் கேள்வி என்றால், யாருக்கெல்லாம் தெரியும் என்பது. தீதி முன்னால் நான் யோசித்த முதல் இரண்டையும் அவள் யோசிக்கவில்லை. பாட்டிலை எடுத்தாள், அப்பாவின் காலைப் பிடித்தாள். டிரைவரும் நானும் தோளைப் பிடித்தோம். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார், தீதி பேசியிருந்தார். நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள். நடந்ததை சுதா ஒன்றுவிடாமல் சொன்னாள். எத்தனை இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு என்று எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். சோதனையை ஒழுங்காகத்தான் செய்திருந்தாள், பாவம். டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, “மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது செடியைவிடச் சின்னத் தப்பில்லை” என்றார். “உடம்பு இப்படியே இறுகிக்கொண்டு போனால் மூச்சு விடும் தசையும் நிற்கும். மூக்கு வழியாகக் குழாய் போட்டு மாத்திரை கொடுக்கிறோம். எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. செய்யுமா என்றும்.”

அப்புறம் எங்களை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீதி எங்கள் இருவரையும் நடந்ததை அவரவர் கையால் எழுதித் தரச் சொன்னார். சுதா ஆறு பக்கம் எழுதினாள். நான் தமிழில் அரைப் பக்கம். அந்தக் கால் மணியையும் எழுதினேன். சுதாவை மூன்று மாதம் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை, இலை அறையில் என்னோடு உட்கார்ந்து பாக்கெட் துடைத்தாள். இலை அறைக்கு இரண்டாவது பூட்டு வந்தது. அதன் சாவி எப்போதும் சீட்டில் இல்லாத ஒரு கிளார்க்கிடம் இருந்தது. எனக்கு வேலை போகவில்லை. தீதி ஏன் என்னை விட்டு வைத்தார் என்று நான் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்டால் எதிராளிக்கு யோசனை வந்துவிடும்.

இன்றைக்கும் வீட்டுச் சாமான் ஓட்டாத பட்டியலில் தீதி கையெழுத்துப் போட மாட்டார். அதை அவர் பிடிவாதம் என்று நீங்கள் கேண்டீனில் பேசுவதாகக் கேள்வி. பேசுங்கள். ஆனால் ஓட்டுங்கள். முதல் இடம் வந்த அன்று உங்களுக்கு வீட்டில் யார் முகம் ஞாபகம் வருகிறதோ, அன்றைக்கு இரண்டு தடவை ஓட்டுங்கள். தப்பு செய்துவிட்டால், பஸ் ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். நெஞ்சுத் துடிப்பு தேவலை என்றார்கள். உடம்பு மட்டும் அப்படியே. ஏழு மணிக்கு அன்றைய முதல் மாத்திரையைக் குழாய் வழியாகக் கொடுத்திருந்தார்கள். சுதா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. நான் வாங்கி வந்த டீ அவள் கையில் ஆடை கட்டியது.

“குடி” என்றேன்.

“முதல் ரேங்க்” என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

ஒன்பது மணிக்குப் போர்வைக்குக் கீழே கால் கட்டைவிரல் அசைந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. என் கண்ணை நானே நம்புவதில்லை இப்போதெல்லாம். பிறகு வலது தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. இடது தோள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கழுத்து மெதுவாக ஒரு பக்கம் நெளிந்து, திரும்பி, மறு பக்கம் நெளிந்தது. சுதா எழுந்து நின்றாள்.

ஆயா ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் பதறிப்போய் ஓடி வந்தாள். “பேஷன்ட் ஆடுகிறார், குழாய் பிடுங்கிக்கொள்ளும், பிடியுங்கள்” என்று வங்காள மொழியில் சத்தம் போட்டுக்கொண்டே அவர் தோளை அமுக்கப் போனாள்.

சுதா குறுக்கே கையை நீட்டினாள். குழாயை ஒரு கையால் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள்.

“குழாயை நான் பிடிச்சுக்கறேன்” என்றாள். “அவங்க ஆடட்டும்.”